பரபக்கமும் சுபக்கமும்

கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடையே கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற எங்கள் அண்ணாகிராமத்துப் பக்கத்தில், காய்ச்சல் என்று ஒருவர் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் திண்ணையில் உட்காரும் முன்பே கேட்கிற கேள்வி ஒன்றுண்டு: "எதனால வந்துச்சாம்?" மழையில் நனைந்ததாலா, கண்ட தண்ணீரைக் குடித்ததாலா, கொசுக்கடியாலா என்று அவர்கள் அடுக்கிக்கொண்டு போகையில், காரணம் எதுவாயினும் அது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற துணிபு அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. சரீரம் தன்மேல் தானே சினந்து தனக்குத் தீ மூட்டிக்கொள்ளவும் கூடும் என்பதை மனித மனம் எளிதில் ஏற்பதில்லை. என் தங்கை மகளுக்கு லூபஸ் என்னும் வியாதி இருப்பதாக மருத்துவர்கள் தீர்மானித்துச் சொன்ன நாள் முதலாக, ஊரார் வாய்வார்த்தையாகக் கேட்கும் அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் உயிர்க்கேள்வி ஆயிற்று. அதைப் பற்றி இத்தனை ஆண்டு நான் எண்ணியதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

லூபஸ் என்பது லத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். முகத்தைத் தின்னும் புண்ணைக் கண்ட பழங்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் இட்ட அந்தப் பெயர், இன்று உடல் முழுவதையும் பற்றுகிற ஒரு வியாதிக்கு நிலைத்துவிட்டது. ஆண் ஒருவருக்குப் பெண்கள் ஒன்பது பேர் என்ற அளவில், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதுடைய பெண்களையே நாடிவரும் இவ்வியாதியில், அந்நியக் கிருமிகளை எதிர்ப்பதற்கென்றே நம்முள் அமைந்த காப்புச் சக்தி, தன் சொந்த உயிரணுக்களின் உட்கருவையே அந்நியமென்று கருதி அதற்கெதிரான பொருள்களை உண்டாக்க, அவை மூட்டிலும் தோலிலும் சிறுநீரகத்திலும் படிந்து அழற்சியை விளைக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஓர் உயிர் தன்னையே நஞ்சாக எதிர்ப்பதை இயற்கை அஞ்சி விலக்கும் என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கருதினார். அந்த அச்சத்துக்கு லத்தீனில் ஒரு பெயரும் சூட்டினார். இயற்கை எப்போதும் அப்படி அஞ்சுவதில்லை என்பதைப் பின்வந்தவர்கள் கண்டார்கள்.

இவ்வியாதியின் சரித்திரத்தில் 1948-ஆம் ஆண்டு மறக்கத் தகாதது. அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில், ஹார்கிரேவ்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும், மற்றோர் அணுவின் உட்கருவை விழுங்கி நிற்கும் வெள்ளணுவை லூபஸ் நோயாளரின் எலும்பு மஜ்ஜையில் கண்டதாக வெளியிட்டது அவ்வாண்டில். அதே நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தி, அவள் எழுந்து நடக்கக் கண்டதும் அவ்வாண்டில்தான். நோயை அறியும் அடையாளமும் நோயை அடக்கும் மருந்தும் ஒரே கூரையின்கீழ்ப் பிறந்தன. நான் சொல்ல வந்த சங்கடமும் அவற்றோடு உடன்பிறந்தது. ஸ்டீராய்டு என்று இன்று பொதுவாக வழங்கும் அம்மருந்து உள்ளே எரியும் நெருப்பைத் தணிப்பது காப்புச் சக்தியைத் தளர்த்தித்தான். தளர்ந்த இடத்தில் வெளிக்கிருமி எளிதில் நுழையும். ஆகவே லூபஸ் உள்ள ஒருத்திக்குச் சுரம் கண்டால், அது நோயின் சீற்றமாயின் மருந்தைக் கூட்ட வேண்டும். தொற்றாயின் மருந்தைக் கூட்டுவது கள்வனுக்குக் கதவைத் திறந்து விளக்கும் ஏற்றிவைப்பதாகும். தொற்றென்று எண்ணிச் சீற்றத்தை அடக்காமல் விட்டாலோ, சில வாரங்களில் சிறுநீரகம் போய்விடவும் கூடும். 1976-ஆம் ஆண்டு டொராண்டோ நகரத்து மருத்துவர்கள் லூபஸில் மாண்டவர்களைக் கணக்கெடுத்து ஆராய்ந்தபோது, தொடக்க ஆண்டுகளில் உயிர் குடித்தவை இவ்விரண்டுமே, நோயின் சீற்றமும் கிருமித் தொற்றுமே, என்று கண்டார்கள். இரண்டும் ஒரே முகம் காட்டிக்கொண்டு வருகின்றன: காய்ச்சல், மூட்டுவலி, களைப்பு.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை. அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த வாரம். மாலை விளக்கேற்றும் நேரத்தில் அவளுக்கு உடம்பு சுட்டது. விரல் மூட்டுகள் வலித்தன. வாயில் புண் கண்டது. அதற்கும் இரண்டாண்டு முன்பு நோய் முதன்முதலில் சீறியபோது இருந்தவையும் இவையே. "மாமா, இது எனக்குத் தெரிஞ்ச காய்ச்சல்தான், போன தடவை மாதிரியேதான் இருக்கு" என்றாள். தன் சரீரத்தை அவளைவிட அறிந்தவர் யார் என்று நாங்களும் நம்பினோம். பழைய சீட்டில் எழுதியிருந்த அளவைப் பார்த்து, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையில் இரண்டு கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தவன் நான். இரண்டு நாள் காய்ச்சல் தணிந்தது போலிருந்தது. ஸ்டீராய்டு சுரத்தை மறைத்து வைக்குமேயன்றி, தொற்றால் வந்த சுரத்தைத் தீர்க்காது என்பதை அன்று நான் அறியேன். மூன்றாம் நாள் இரவு அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் அன்றிரவு பணியில் இருந்தவர் இளவயதுப் பெண் மருத்துவர். இரத்தத்தில் வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருந்தன. லூபஸ் சீறினாலும் அவை குறையும். மழைக்காலத்து டெங்குவிலும் குறையும். அவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா, முழு உடம்பையும் ஒருதரம் பாத்துடறேன், கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்று சொல்லி, என்னை வெளியே நிற்கச் செய்து, திரையை இழுத்து, கைவிளக்கைக் கொளுத்தி, அக்குளில் தொடங்கி, மார்பின் கீழ்மடிப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் என்று சிறிதும் அவசரமில்லாமல் தேடினாராம். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் கோட்டில், துவரம்பருப்பு அளவில் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. நெருப்பால் சுட்டாற்போல் நடுவே கறுப்பு, சுற்றிலும் சிவந்த வளையம், வலியுமில்லை அரிப்புமில்லை. "நாடா அழுத்தின புண்ணுன்னு நெனச்சேனே" என்று என் தங்கை அழுதாள். பத்து நாள் முன்பு அவள் முந்திரித் தோப்பில் சருகு கூட்டப் போயிருந்தாள். புதரில் வாழும், கண்ணுக்கு எட்டாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு கடித்து உண்டாகும் உண்ணிக்காய்ச்சல், மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பது, அது. டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் சுரம் இறங்கியது. பன்னிரண்டு வகை இரத்தப் பரிசோதனை சொல்ல மாட்டாததை நாடாவின் அடியில் மறைந்திருந்த ஒரு பொருக்குச் சொல்லிற்று.

அந்த இரவில் திரைக்கு வெளியே நின்றபோது என் நினைவுக்கு வந்தவர் அருணந்தி சிவாசாரியார். எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள திருத்துறையூரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்மகான், சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலை இரு கூறாகச் செய்தார்: பிறர் மதங்களை எடுத்துரைத்து மறுக்கும் பகுதி பரபக்கம், தம் சித்தாந்தத்தை நிறுவும் பகுதி சுபக்கம். பிறர் பக்கத்தை முற்ற ஆராய்ந்த பின்னரே தன் பக்கத்துக்கு வரவேண்டும் என்பது அந்த அமைப்பிலேயே விளங்குகிறது. நாங்களோ பரபக்கத்தை ஏறிட்டும் பாராமல் சுபக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். பொருளை ஆராயப் புகுமுன் அறிவின் அளவைகளை ஆராயும் நம் சாத்திரக்காரர்கள், காட்சியில் நேரும் பிழைகளாக ஐயத்தையும் திரிவையும் வேறுபிரித்து வைத்திருக்கிறார்கள். அந்திநேரத்தில் தூரத்தே நிற்பது கட்டையோ மனிதனோ என்று இரண்டிலும் சென்று ஊசலாடுவது ஐயம். கட்டையை மனிதனென்றே துணிந்துவிடுவது திரிவு. இளமையில் பாடமாகப் படித்தபோது இரண்டும் ஒரே தரத்துக் குற்றங்கள் என்று எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஐயமுடையவன் விளக்கைக் கொண்டுவரச் சொல்வான். திரிவுற்றவன் விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போவான். "எனக்குத் தெரிஞ்ச காய்ச்சல்தான்" என்று அவள் சொன்னதும், நாங்கள் தலையசைத்ததும் திரிவு. கைவிளக்கோடு குனிந்த அந்த மருத்துவரிடம் இருந்தது ஐயம்.

புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் தருக்கநூலார், எதனோடும் சென்று ஒட்டிக்கொள்ளும் அடையாளத்தை ஏதுவாகக் கொள்ளலாகாது என்று விலக்கினார்கள். தன் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் ஒருங்கே காணப்படுவதற்கு அநைகாந்திகம் என்று பெயர். லூபஸில் சுரம் அத்தகையது. சிறு குழாயில் இரத்த அணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் ஈ.எஸ்.ஆர். பரிசோதனையும் அத்தகையதே, அது சீற்றத்திலும் ஏறும், தொற்றிலும் ஏறும். குளிர் நடுக்கத்தோடு வரும் சுரம் தொற்றைக் காட்டும் என்பார்கள். வெள்ளணு ஏறியிருந்தால் தொற்று, குறைந்திருந்தால் சீற்றம் என்பார்கள். ஆனால் ஸ்டீராய்டே வெள்ளணுவை ஏற்றிவிடும். டெங்கு அதைக் குறைத்துவிடும். இவற்றினும் நுட்பமானது சி.ஆர்.பி. என்று சுருக்கமாக வழங்கும் புரதம். 1930-ஆம் ஆண்டு, நியூயார்க் ராக்கஃபெல்லர் நிலையத்தில், டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் கண்ட இப்பொருள், கிருமி புகுந்த சில மணி நேரத்தில் கல்லீரலிலிருந்து பெருகி வழியும். லூபஸ் சீறும்போதோ, உடம்பெல்லாம் அழற்சியாய் இருந்தும், பெரும்பாலும் அது ஏறுவதில்லை. லூபஸில் மிகுந்து சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருள் கல்லீரலின் கையைப் பிடித்து நிறுத்துவது ஒரு காரணம் என்கிறார்கள். இன்மையையும் ஓர் அளவையாகக் கொண்ட மீமாம்சகர் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பர். பேச வேண்டியது பேசாமல் இருப்பதே இங்குச் சான்றாகிறது. அந்த மௌனத்தையும் முழுதும் நம்பிவிடலாகாது, நுரையீரலையோ இருதயத்தையோ போர்த்திய உறையை லூபஸ் தாக்கினால் சி.ஆர்.பி. வாய் திறந்துவிடும். நுரையீரல் உறையில் நீர் கோத்தால், அது லூபஸோ காசநோயோ என்ற ஐயம் நம் நாட்டில் எந்த மருத்துவரையும் உறங்கவிடாது. சி3, சி4 என்னும் காப்புப் புரதங்கள் செலவழிந்து குறைவதும், உட்கருவின் டி.என்.ஏ.வுக்கு எதிரான பொருள் ஏறுவதும் சீற்றத்தின் பக்கம் சாட்சி சொல்பவை; ஆயினும் அந்தச் சாட்சிகள் நீதிமன்றம் வந்துசேரச் சில நாள் ஆகும். காசக்கிருமி வளர்ந்து தெரிய வாரங்கள் ஆகும். சுரமோ காத்திருப்பதில்லை.

அடுத்து வந்த மாசியில் அவளுக்கு மறுபடி காய்ச்சல். முன்பு பட்ட அடி நினைவில் இருந்தபடியால் இம்முறை யாரும் மாத்திரைப் புட்டியைத் தொடவில்லை. என் தங்கை விளக்கைப் பிடித்துக்கொண்டு மகளின் உடம்பெங்கும் பொருக்கைத் தேடினாள். ஊரில் உண்ணிக்காய்ச்சல் இருக்கிறதா என்று நான் விசாரித்தேன். தொற்றுத்தான் என்று இந்த முறையும் எங்கள் மனம் முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலிருந்தும் இரத்தம் எடுத்து, கிருமி வளர்வதற்கான நீர் நிரம்பிய சிறு சீசாக்களில் விட்டு, மார்புக்குப் படம் எடுத்து, பிறகு அந்த மருத்துவர் ஒன்று கேட்டார்: "ஒண்ணுக்கு நுரை நுரையாப் போகுதாம்மா?" அவள் சற்று நாணித் தலையசைத்தாள். பத்து நாளாகவே அப்படி இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சி.ஆர்.பி. ஏறவில்லை, சி3 இறங்கிக் கிடந்தது, சீசாக்களில் எதுவும் வளரவில்லை, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. சுரம் இம்முறை சுபக்கத்திலிருந்து வந்தது. ஸ்டீராய்டைக் கூட்டி, வேறு மருந்தும் சேர்த்து, சிறுநீரகத்தைக் காத்தார்கள். கார்த்திகையில் அவளைக் கொன்றிருக்கக்கூடிய துணிபு, மாசியில் சரியான துணிபாயிருந்திருக்கும். கார்த்திகையில் கற்ற பாடம் மாசியில் எங்களை ஏமாற்றியிருக்கும். அனுபவம் என்ற ஆசான் ஒரே பெண்ணின் உடம்பில், நான்கு மாதத்துக்குள், ஒன்றுக்கொன்று மாறான இரு பாடங்களைச் சொன்னார்.

ஆயுர்வேத ஆசான் சரகர் தம் சம்ஹிதையில் சுரத்தை நிஜம் என்றும் ஆகந்துகம் என்றும் பிரித்தார். தன்னுள் தோஷங்கள் கலங்கி எழுவது நிஜம். அடிபடல் முதலிய புறக்காரணத்தால் வருவது ஆகந்துகம். பிரித்ததோடு நில்லாமல், புறத்திலிருந்து வந்தது நாளடைவில் அகத்தையும் கலக்கும், அகத்தில் எழுந்தது முற்றும்போது புறத்ததையும் உடன் சேர்க்கும் என்று அவர் எழுதிவைத்ததை எண்ணி நான் வியக்கிறேன். லூபஸில் இது கண்கூடு. ஒரு தொற்று உறங்கும் நோயை எழுப்பிவிடும். எழுந்த நோயும் அதை அடக்கும் மருந்தும் அடுத்த தொற்றுக்கு இடம் கொடுக்கும். இரண்டும் ஒரே படுக்கையில் ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. அப்போது அனுபவமுள்ள மருத்துவர், தீர்ப்பு வருமட்டும் கையைக் கட்டிக்கொண்டிராமல், கிருமியைத் தேட வேண்டிய இரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, தொற்றுக்கான மருந்தைத் தொடங்கி, நாள்தோறும் உண்டுவந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாமல் காத்து, வரும் சான்றுகளுக்கேற்ப ஒரு பக்கம் கூட்டியும் ஒரு பக்கம் குறைத்தும் செல்கிறார். அறியாமையோடு இருந்துகொண்டே அறிந்தவன் போன்ற பொறுப்போடு செயல்படுவது தத்துவத்தில் மிகக் கடினமான நிலை என்று நினைக்கிறேன். சில மருத்துவர்கள் அதை இரவு வேளைகளில், யாரும் காணாமல், சாதிக்கிறார்கள்.

இதுகாறும் கூறியது அறிவைப் பற்றியது. அதனினும் என்னை வருத்தியது மற்றொன்று. இரண்டாம் முறை, வியாதி உள்ளிருந்தே வந்ததென்று தெரிந்ததும், பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், அவள் காதுபடவே, "என்ன பாவம் செஞ்சாளோ, உடம்பே சத்துருவாயிடுச்சு" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வருத்தம் தாங்காமல்தான் சொன்னார். ஆனால் உண்ணி கடித்து வந்த காய்ச்சலின்போது இதே மனிதர் புதரையும் மழையையும்தான் குற்றம் சொன்னார். புறத்திலிருந்து வந்தால் பிறர் குற்றம், அகத்திலிருந்து வந்தால் தன் குற்றம் என்ற கணக்கு எவ்வளவு விரைவாக நம் நாவில் ஏறிவிடுகிறது! அன்றிரவு அவள் என்னைக் கேட்டாள்: "மாமா, நெசமாவே நான் ஏதாவது செஞ்சிருப்பேனா?"

அவளுக்கு விடை சொல்ல எங்கள் மண்ணை விட்டு நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அருணந்தியார் சகலாகம பண்டிதர் என்று புகழ்பெற்று விளங்கிய காலத்தில், திருவெண்ணெய்நல்லூரில் பாலப்பருவத்து மெய்கண்டாரிடம் சென்று, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று வினவ, குழந்தை ஒன்றும் பேசாமல், கேட்டுநின்றவரையே சுட்டிக் காட்டிற்று என்பது வரலாறு. அவர் அக்கணமே அடிபணிந்து மாணவரானார். இதை ஒரு வசையாகவே பலர் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சித்தாந்தம் அந்த மலத்துக்குத் தரும் உவமை செம்பில் களிம்பும் நெல்லில் உமியும் அல்லவா? செம்பு செய்த தவறால் களிம்பு வரவில்லை. ஆணவம் அநாதி, வினைக்கும் முற்பட்டது, உயிர் எச்செயலும் செய்யத் தொடங்குமுன்பே உடனிருப்பது. செம்பைத் துலக்குகிறோம், செம்பை யாரும் தண்டிப்பதில்லை. உள்ளிருந்து வந்தது என்பது ஒன்று, நீ செய்தது என்பது வேறு. லூபஸ், பரம்பரையின் கூறு சிலவும், பெண்ணுடம்பின் சுரப்புகளும், வெயிலும் இன்ன பிறவும் கூடி விளைவதென்று மருத்துவர் சொல்கிறார்கள். அவற்றுள் எதையும் அவள் கேட்டு வாங்கவில்லை.

அப்பர் சுவாமிகளின் வரலாறும் எங்கள் வட்டாரத்ததுதான். திருவாமூரில் பிறந்து, கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் சமண முனிவரிடையே தருமசேனராக இருந்தவரை, வயிற்றுக்குள் எழுந்த சூலை வீழ்த்தியது. உடனிருந்தவர்கள் தாம் அறிந்த முறையில் அன்போடுதான் முயன்றார்கள், தீரவில்லை. பின்னாளில் பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினான். புறத்திலிருந்து வந்த அத்தனையும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே எழுந்த ஒன்றுதான் அவரைத் தரையில் புரட்டியது. அதை அவருடைய பாவத்தின் கூலியென்று சேக்கிழார் சொல்லவில்லை. தமக்கையின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன் அவரை மீட்டுக்கொண்ட வழியென்றே சொல்கிறார். நான் மேலும் கவனித்தது அந்தத் தமக்கை திலகவதியாரைத்தான். இருளில் துவண்டு திருவதிகைக்கு வந்து காலில் விழுந்த தம்பியிடம் அவர் எதனால் வந்ததென்று விசாரணை நடத்தவில்லை. எழுந்திருக்கச் சொன்னார்; நீறு கொடுத்தார்; கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். இதை நான் சொல்லி முடித்தபோது அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்குத் தூக்கம் வருது மாமா" என்றாள்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இவ்வியாதி உள்ள பெண் இருந்து அவளுக்குச் சுரம் கண்டால், அது அகத்ததோ புறத்ததோ என்று நீங்களாகத் தீர்ப்பளிக்க வேண்டாம். மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பழைய சீட்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாடா அழுத்திய இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நுரைத்த சிறுநீரையும் நாணாமல் சொல்லச் சொல்லுங்கள். அவள் படுத்திருக்கும் அறையில், என்ன பாவம் செய்தாளோ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதிருங்கள்.